எட்டு இதயம், ஒன்றில் கீறல்

சயான் கோலிவாடா கறிக்கடையில்
காலை ஆறேகாலுக்கு நான்தான் முதல் போணி.
"தில் வேணும். எட்டு."
காசிம் பாய் கத்தியைத் துடைத்தபடி நிமிர்ந்தார்:
"ஒண்ணையே சமாளிக்க முடியல மேடம், எட்டா?"

கீறக் கூடாது,
குழாய்களை ஒட்ட நறுக்கக் கூடாது,
கொழுப்பு இருந்தால் இருக்கட்டும் என்று
மூன்று முறை சொல்லியும்
கைப்பழக்கம், எட்டாவதைக் கீறிவிட்டார்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

போன வருஷம் இதே பாடத்தைக்
கரும்பலகையில் நடத்தினேன்.
நீலச் சாக்பீஸ், சிவப்புச் சாக்பீஸ்.
நாலு அறை என்றதும் பின்னாலிருந்து ஒரு குரல்:
"நாலு ரூமா! தாராவியில வாடகை என்ன மிஸ்?"
சிரித்தோம். பாகங்களைக் குறித்தார்கள்.
தேர்வில் எல்லாருக்கும் இதயம்
வலப்பக்கம் மாறியிருந்தது.

இந்த வருஷம் படம் கிடையாது.
எட்டுத் தட்டு, ரப்பர் டியூப்,
கெய்க்வாட் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரித்துப்போன
நேற்றைய மராத்திப் பேப்பர்.

ஹேத்வி தொடமாட்டாள், ஜைன வீடு.
கதவோரம் நின்று உன் நாடியை எண்ணு,
நிமிஷத்துக்கு ஒருமுறை பலகையில் எழுது என்றேன்.
எண்பத்தெட்டு.
தட்டுகள் வந்ததும் நூற்றுப் பதினேழு.

எடுத்ததும் எல்லாரும் சொன்னது: ஈரம்.
நெஞ்சில் ஈரம் இருக்கணும் என்பார்கள் எங்கள் பேச்சில்.
இந்தியில் சொல்லிப் பார்த்தேன்,
துணி காயாத கதைபோல வந்தது.
இசக்கிதுரை மட்டும்
கடைசி மேசையில் தலைகுனிந்து சிரித்தான்.

இடது மேலறையில் டியூபைச் செருகு.
நிரம்பட்டும். எடு.
இப்போது பிழி.

தண்ணீர் வந்த வழியே திரும்பவில்லை.
பெருந்தமனி வழியே குபுக்கென்று எழுந்து
ஜுபேதாவின் கண்ணாடியை நனைத்தது.
"விரார் ஃபாஸ்ட் மிஸ்!
உள்ளே தள்ளுவாங்க, திரும்ப விடமாட்டாங்க."
வால்வுக்கு இதைவிட நல்ல விளக்கம்
என் பாடக்குறிப்பில் இல்லை.

எட்டாவது தட்டு இசக்கிதுரையுடையது.
அவன் பிழியப் பிழிய
பேப்பர்தான் நனைந்தது.
"இது ஃபெயில் மிஸ்."
வேறு மேசைக்குப் போ என்று நான் சொல்வதற்குள்
காலரைத் திருப்பினான்.
அங்கே ஒரு ஊசி, மஞ்சள் நூலோடு.
ராத்திரியில் அறுபதடி ரோட்டுப் பட்டறையில்
சட்டைக்குக் காஜா எடுக்கிறவன்.
"உள்தையலா, வெளித்தையலா?"

எம்.எஸ்ஸி. படித்த நான்
வாயைத் திறந்து மூடினேன்.
அவனே முடிவு செய்தான்:
வெளித்தையல், நெருக்கி,
ஜீன்ஸ் கவட்டைக்குப் போடுவது மாதிரி.

மற்ற மேசைகள் காலியாயின.
ஹேத்விகூட மணிக்கட்டைப் பிடித்தபடியே
இரண்டு எட்டு உள்ளே வந்துவிட்டாள்.
பலகையில் அந்த நிமிஷங்களுக்கு எண் இல்லை.

இருபத்திரண்டாவது தையலில்
நூலைப் பல்லால் கடிக்கப் போய்
நினைவு வந்து கத்தரி கேட்டான்.

ஊற்றினான். பிழிந்தான்.
தையலோரம் இரண்டு சொட்டு கசிந்தது.
மிச்சமெல்லாம் எழும்பி
அவன் நெற்றியில் அடித்தது.
கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு
கணக்கு சார் எட்டிப் பார்த்தார்.

சத்தம் அடங்கியபின் அவன் கேட்டான்:
"எல்லாம் சரியாத்தானே இருக்கு,
அப்புறம் ஏன் ஓடல?"

வலது மேலறையின் மூலையைத் தொட்டுக் காட்டினேன்.
இங்கே கொஞ்சம் செல்கள்,
உயிரோடிருக்கும்வரை
தாமாகவே தொடங்கும்.
"யார் சொல்லி?"
யாரும் சொல்லாமல்.
அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
ஊசியைக் கழுவிக் காலரில் செருகினான்.

ஏழைக் கெய்க்வாட் தன் சந்துப் பூனைகளுக்கு எடுத்துப்போனார்.
எட்டாவது ஃபார்மலினில்.
சீட்டு எழுதினேன்:
ஆடு. இடது கீழறை. இருபத்திரண்டு தையல்.
தைத்தவர்: இ. துரை, பதினொன்று பி.

"முழுப் பேரா எழுதுங்க மிஸ்.
இடம் இருக்கு."